பேசினால் அணையும் செட்டும் போலி டிரான்சிஸ்டரும்: வயர்லெஸ் கேள்வி-பதில்

படகில் இருக்கும் விஎச்எஃப் செட்டில் (கரையோடும் மற்ற படகுகளோடும் பேசும் வயர்லெஸ்) எல்லாம் நன்றாகக் கேட்கிறது. பேச பட்டனை அழுத்தினால் செட்டே அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. ஃபைனல் டிரான்சிஸ்டர், அதாவது ஏரியலுக்குப் பவர் ஏற்றி அனுப்பும் கடைசி டிரான்சிஸ்டர், போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? (காசிமேடு வாசகர்)

கொஞ்சம் பொறுங்கள். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது இந்த செட் இழுப்பது மிகக் குறைந்த கரன்ட். 25 வாட்டில் பேசும்போதோ ஐந்து, ஆறு ஆம்பியர் கேட்கும். வழியில் வயர் அரித்திருந்தால் அப்போதுதான் குட்டு வெளிப்படும். மல்டிமீட்டரை செட்டின் பின்பக்கம் சப்ளை வயரில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்திப் பாருங்கள். ஏரியல் மாட்டியிருக்க வேண்டும். சேனல் 16-இல் மட்டும் வேண்டாம், அது ஆபத்து அழைப்புக்கானது. 12.6-இல் இருந்த வோல்ட் 10-க்கு விழுகிறதா? அதே நேரம் பேட்டரி முனையில் விழவில்லையா? அப்படியானால் கோளாறு இடையில்தான். கடலுக்குப் போய்வரும் செட் வந்தால் நான் முதலில் திறப்பது ஃபியூஸ் ஹோல்டரைத்தான். ஸ்பிரிங் பச்சை பூத்துக் கிடக்கும். புது ஹோல்டர், கொஞ்சம் தடித்த வயர், அவ்வளவுதான் செலவு.

பழைய செட்டில் 2எஸ்சி1971 டிரான்சிஸ்டர் எரிந்துவிட்டது. அதற்குப் பதில் ஆர்டி15எச்விஎஃப்1 போடலாம் என்கிறார்கள். (ராயபுரம்)

அப்படியே கழற்றி மாட்ட முடியாது. முன்னது பைபோலார், பின்னது மாஸ்ஃபெட்; இரண்டும் வேறு வேறு வகை டிரான்சிஸ்டர். மாஸ்ஃபெட்டின் ‘கேட்’ என்ற காலுக்குத் தனியாக பயஸ் வோல்ட் (அதை வேலைக்குத் தயாராக வைக்கும் சின்ன வோல்ட்) தர வேண்டும், மேட்சிங் காயில், கெப்பாசிட்டர்களையும் மாற்ற வேண்டும். அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்தால் சரி.

2எஸ்சி1971 உற்பத்தி நின்றுபோன நம்பர் என்பதால் போலியும் நிறையப் புழங்குகிறது. நானும் ஏமாந்திருக்கிறேன். ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் பளபளவென்று ஒன்று வாங்கிவந்து போட்டேன். ஆறு வாட் வர வேண்டிய இடத்தில் ஒன்றரை வாட். கை வைக்க முடியாத சூடு. ஆத்திரத்தில் இடுக்கியால் உடைத்தேன். உள்ளே கடுகைவிடச் சின்னதாக ஒரு சிப்! அன்றிலிருந்து, ஓடாத பழைய போர்டிலிருந்து கழற்றிய ஒரிஜினல் கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். இந்த விஷயத்தில் பழசே மேல்.

25 வாட் செட்தான், ஆனால் தூரம் போகவில்லை. வாட் கூட்ட முடியுமா? (பழவேற்காடு)

கடல் விஎச்எஃப்புக்கு 25 வாட்தான் உச்சவரம்பு. வாட்டை விடுங்கள், உயரத்தைப் பாருங்கள். இரண்டு படகிலும் ஏரியல் 4 மீட்டர் உயரம் என்றால் ஏறக்குறைய 16 கிலோமீட்டர்தான் கணக்கு. அப்புறம் கேபிள். 20 மீட்டர் மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் போட்டிருந்தால் பாதிப் பவர் அதிலேயே கரைந்துவிடும். தடித்த ஆர்ஜி-213 போடுங்கள். கனெக்டருக்குள் உப்புத்தண்ணீர் இறங்கியிருந்தால் மேல் உறை கிழியாமலே உள்ளே செப்பு வலை கறுத்திருக்கும். நுனியை ஒரு சாண் வெட்டிப் பாருங்கள்.

கல்யாண மண்டபத்துக்கு ஆன்லைனில் ஐந்து வாட் வாக்கி டாக்கி வாங்கலாமா? லைசென்ஸ் வேண்டுமா? (அம்பத்தூர்)

விலையைப் பார்த்து மயங்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் குறைந்த பவரில் பயன்படுத்த 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை அனுமதி உண்டு. எந்த அலைவரிசைக்கும் திருப்பிக்கொள்ளும் ஐந்து வாட் செட் அதில் அடங்காது. இப்படிப்பட்ட செட்டுகளை ஆன்லைனில் விற்பதற்கே 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பந்திக்கும் வாசலுக்கும் இடையே பேச அரை வாட் தாராளம்.

பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி போய்விட்டது. 7.4 வோல்ட் லித்தியம் போடலாமா? (வில்லிவாக்கம்)

செட் ஓடும். ஆனால் பழைய சார்ஜரில் செருகிவிடாதீர்கள்; லித்தியத்தை 8.4 வோல்ட்டில் நிறுத்த அதற்குத் தெரியாது, தீப்பிடிக்கலாம். சார்ஜரையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் 1.2 வோல்ட் நிக்கல் செல் ஆறு வாங்கி, பழைய பெட்டிக்குள்ளேயே வெல்டு வைத்துத் தரச் சொல்லுங்கள்.