ஐப்பசியில் போனால் அப்படித்தான்

கேள்வி: எங்கள் மகன் கணினி நிறுவன வேலையை விட்டுவிட்டு, மன்னார்குடிக்குப் பக்கத்தில் மருமகளின் ஊரோடு தங்கி நெல் சாகுபடி செய்கிறான். தீபாவளிக்கு நானும், வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற என் கணவரும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போயிருந்தோம். மருமகள் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுகிறாள்; அவள் திரும்பி வந்து இட்லி ஊற்றுவதற்குள் பத்து மணி ஆகிவிடுகிறது. மகன் அடங்கல் என்கிற பயிர்ச் சான்று வாங்க வேண்டும் என்று அலைகிறான். பேரப்பிள்ளைகள் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். மனம் பொறுக்காமல் பிள்ளைகள் எதிரிலேயே மகனிடம் சொல்லிக்காட்டிவிட்டு வந்தோம். இனி அவர்களையே சென்னைக்கு வரச் சொல்லிவிடலாமா?
– ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: நீங்கள் போன காலத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால், காவிரிப் படுகையில் சம்பாவுக்குக் களை எடுப்பதும், உரம் இடுவதும், பள்ளத்து வயலில் தேங்கிய தண்ணீரை வடிய விடுவதும் ஒரே நேரத்தில் வந்து நெருக்கும். களை எடுக்க ஆள் கிடைத்த நாளில் வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நிற்காமல் வீட்டில் உட்கார்ந்து மாமியாரோடு பேசிக்கொண்டிருக்க முடியாது. இட்லி பத்து மணிக்கு வந்தது என்கிறீர்கள். மாவு வீட்டில் இருந்தது, அடுப்பும் இருந்தது, நீங்களும் இருந்தீர்கள். சேற்றுக் காலோடு திரும்பிய பெண்தான் வந்து ஊற்ற வேண்டும் என்று ஏன் காத்திருந்தீர்கள்?

உங்கள் கணவரைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. சம்பாப் பயிருக்குக் காப்பீடு செய்யும் கெடு வழக்கமாக நவம்பர் நடுவில் முடியும். அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றோடு பொதுச் சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கட்டணம் செலுத்த வேண்டும். சர்வே எண் ஒரு இலக்கம் மாறினாலும், கணக்குப் புத்தகத்தில் உள்ள பெயரின் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டாலும் பின்னால் இழப்பீடு வருவது சிக்கலாகிவிடும். பணிக்காலம் முழுவதும் இத்தகைய தாள்களைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கிய ஒருவர் வீட்டில் இருக்கும்போது, மகன் மழையில் தனியாக அலைந்திருக்கிறான். அந்த நாள்களில் உங்கள் கணவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

பேரப்பிள்ளைகள் தரையில் படுப்பதைப் பற்றி நீங்கள் பயப்படுவது மட்டும் முழுக்க நியாயம்; அதில் நான் உங்கள் பக்கம். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் உறங்குகிறவர்களைத்தான் அது பெரும்பாலும் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இல்லாததால், விடியற்காலையில் வயிற்றுவலி என்று பிள்ளை அழும்போது வீட்டார் அஜீரணம் என்று நினைத்துவிடுவார்கள். இமை தொங்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் புரியும். சந்தேகம் வந்த உடனேயே 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டிலும், ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிடும் கொசுவலையும் இருந்தால் ஆபத்து மிகவும் குறையும். ஆனால் நீங்கள் செய்தது என்ன? பிள்ளைகள் எதிரில் அவர்களுடைய அப்பாவைக் குறைசொன்னீர்கள். ஓய்வூதியம் வருகிற வீட்டுக்கு, மன்னார்குடிக் கடைத்தெருவில் இரண்டு கட்டில் வாங்கிப்போடுவது பெரிய செலவா? முழங்கால் வலிக்கு மேற்கத்திய கழிப்பறை வேண்டுமென்றாலும் அதே வழிதான்; நீங்கள் பணம் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள், மகன் மறுக்கமாட்டான்.

அடுத்த முறை பங்குனியில் போங்கள். எழும்பூரில் இரவு மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கும் கதிருக்குள்ளேயே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் அப்போது முற்றியிருக்கும். செடியைப் பிடுங்கிக் களத்தில் காயவைத்து அடித்த பிறகு, தூற்றிய பயறில் கல்லும் தூசியும் பொறுக்குவது நிழலில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை. அதற்குப் பேரப்பிள்ளைகளும் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். பேச்சுத் துணையும் கிடைக்கும். தீபாவளிக்கே போய்த்தான் தீருவேன் என்றால், சமையலறைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு போங்கள்.

சென்னைக்கு அழைப்பதில் தவறே இல்லை. ஆனால் ஊருக்குப் போவதற்கு மாற்றாக அழைக்காதீர்கள். பயறு விற்று முடிந்து, பள்ளிக்கும் விடுமுறை விட்டிருக்கும் மே மாதம் அதற்குத் தோதானது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும் ஆண்டாக இருந்தால், மே கடைசியிலேயே குறுவைக்கு நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். அதற்குள் அவர்கள் ஊர் திரும்ப வேண்டியிருக்கும். எந்தத் தேதி சரிப்படும் என்று தொலைபேசியில் கேளுங்கள். மகனிடம் அல்ல, மருமகளிடம்.