கடைசி மகனுக்கு நிலம் போனது ஏன்?

உங்கள் கணவரின் முன்னோர் 1740-களில் இங்கிலாந்தின் சசெக்ஸில் இறந்தபோது, மூத்த மகன் இருக்க, காப்பிஹோல்டு நிலம் (பிரபுவின் நீதிமன்ற ஏட்டில் பதிந்து, அவரிடமிருந்து வைத்திருக்கும் நிலம்) கடைசி மகனுக்குப் போயிருக்கிறது. மூத்தவரை ஒதுக்கிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சசெக்ஸின் பல மேனர்களில், அதாவது பிரபுக்களின் பண்ணைகளில், அன்று கடைசி மகனே வாரிசு. அந்த வழக்கத்தை ‘பரோ இங்கிலீஷ்’ என்பார்கள். காப்பிஹோல்டைப் பொறுத்தவரை அந்தந்த மேனரின் வழக்கம் வைத்ததுதான் சட்டம். பக்கத்து மேனரிலேயே மூத்தவருக்குப் போயிருக்கலாம்.

மேனர் நீதிமன்றப் பதிவை முழுதாகப் படியுங்கள். முதலில் இறப்பை அறிவிப்பார்கள். பல மேனர்களில் ஹெரியட் என்று இறந்தவரின் நல்ல மாடோ குதிரையோ பிரபுவுக்குப் போய்விடும். அப்புறம் வாரிசு நேரில் வந்து, காரியஸ்தர் நீட்டும் கோலைப் பிடித்து நிலத்தை ஏற்று, அதற்கான கட்டணத்தைக் கட்டுவார். ‘வழக்கப்படி கடைசி மகன்’ என்று பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

‘உயிலின்படி’ என்று இருந்தால் மட்டுமே உங்கள் சந்தேகத்துக்கு இடமுண்டு. 1815-க்கு முன் காப்பிஹோல்டை உயிலில் எழுத, பொதுவாக உயிரோடிருக்கும்போதே அதற்காக நிலத்தைப் பிரபுவிடம் ஒப்படைத்துப் பதிய வேண்டும். முந்தைய ஆண்டுகளின் ஏட்டில் அதைத் தேடுங்கள். 1733-க்கு முந்தையவை பெரும்பாலும் லத்தீனில் இருக்கும்.