எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் வார்டுக்குத் திரும்புவது

அன்புத் தங்கைக்கு,

ஸ்லீவ் அறுவை (இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி அதைச் சிறிதாக்கும் அறுவை) முடிந்து மூன்று வாரம் ஆகிறது, காயங்கள் ஆறிவிட்டன, எப்போது வேலைக்கு வருகிறாய் என்று வார்டு மேனேஜர் கேட்கிறார், விடுப்பை நீட்டித்தால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று அச்சமாக இருக்கிறது என எழுதியிருந்தீர்கள். இதே அறுவையைச் செய்துகொண்டு இங்கிலாந்தில் மெடிக்கல் வார்டுக்குத் திரும்பியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

விசா அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஹெல்த் அண்ட் கேர் விசாவில் (மருத்துவப் பணியாளர்களுக்கான பிரிட்டன் வேலை விசா) இருப்பவர் ஓர் ஆண்டில் நான்கு வாரத்துக்கு மேல் சம்பளமில்லா விடுப்பில் இருந்தால் ஸ்பான்சர்ஷிப், அதாவது விசாவுக்கு வேலை தருபவர் அளிக்கும் பொறுப்புறுதி, பாதிக்கப்படும் என்ற விதி இருப்பது உண்மைதான், ஆனால் நோய் விடுப்புக்கு அதில் விலக்கு உண்டு. என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) ஒப்பந்தத்தில் இருந்தால் முதலாண்டிலேயே ஒரு மாத முழுச் சம்பளமும் இரண்டு மாத அரைச் சம்பளமும் நோய் விடுப்புக்குக் கிடைக்கும். தனியார் நர்சிங் ஹோம்களில் இது வேறுபடும் என்பதால், அங்கே வேலை செய்பவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

திரும்பும் நாளைக் காயத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். லேப்ராஸ்கோப்பிக் (சிறு துளை வழி அறுவை) காயம் விரைவில் ஆறிவிடும்; வயிறு புதிய அளவுக்குப் பழகத்தான் காலம் பிடிக்கும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்ட பின் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும், சிறு தட்டு உணவையே மென்று முடிக்க இருபது நிமிடமாகும், இவற்றுக்கு நடுவே நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் வாய் வாயாகக் குடித்தாக வேண்டும் என்பதை 1998-ஆம் ஆண்டு வேலைநேர விதிகளோடு சேர்த்து யோசியுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்குச் சட்டம் உறுதி செய்வது இருபது நிமிட இடைவேளை மட்டுமே; அது உணவுக்கே சரியாகப் போய்விடும், தண்ணீருக்கு நேரம் மிஞ்சாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் தலைசுற்றி விழுவதற்கு இந்த நீரிழப்பே போதும். ஆகவே வீட்டில், ஷிப்ட் நேரத்தின்படியே எழுந்து, உண்டு, குடித்து, நாள் முழுதும் நடமாடிப் பாருங்கள். அது தடையின்றி முடிந்த பிறகே நாளைக் குறியுங்கள்.

ஃபிட் நோட் (வேலைத் தகுதி பற்றிய மருத்துவச் சான்று) வாங்கும்போது "வேலைக்குத் தகுதியற்றவர்" என்ற பகுதி மட்டுமல்ல, "சில மாற்றங்களோடு வேலை செய்யலாம்" என்ற பகுதியும் அதில் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். படிப்படியாகத் திரும்புதல், வேலைநேர மாற்றம், பணிமாற்றம், பணியிட வசதி ஆகிய நான்கையும் அங்கே குறிக்கலாம். ஆக்குபேஷனல் ஹெல்த் (ஊழியர் உடல்நலப் பிரிவு) சந்திப்பில் நான் வற்புறுத்திக் கேட்கச் சொல்வது மூன்று: முதல் சில வாரங்களுக்குக் குறுகிய ஷிப்ட், ஒரே நீண்ட இடைவேளைக்குப் பதிலாகப் பல சிறு இடைவேளைகள், நர்ஸ் ஸ்டேஷனுக்கு அருகே தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ள எழுத்துபூர்வ அனுமதி. மூன்றாவது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தொற்றுத் தடுப்பு காரணமாகப் பல வார்டுகளில் அதற்குத் தடை இருப்பதால், அனுமதி கையில் இல்லாவிட்டால் வெளியே போய் வரத் தயங்கிக் குடிக்காமலே இருந்துவிடுவோம். உங்கள் சர்ஜன் அனுமதிக்கும் வரை நோயாளிகளைத் தூக்குவது, புரட்டுவது இரண்டும் வேண்டாம். ஹாய்ஸ்ட் (நோயாளியைத் தூக்கும் கருவி) இருந்தாலும், அதில் மாட்டும் துணிப்பட்டையான ஸ்லிங்கைப் போடும்போது வயிற்றுத் தசைகளே இழுக்கும். என்ன அறுவை என்பதைச் சக ஊழியர்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

முதுகு வலித்தால் சர்ஜரி குழுவைக் கேட்காமல் ஐபுப்ரோஃபென் எடுக்காதீர்கள், பாராசிட்டமால் எடுக்கலாம். காய்ச்சல், நாடி வேகம், இடது தோள்பட்டை வலி வந்தால் ஷிப்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காமல் உடனே எமர்ஜென்சிக்குச் செல்லுங்கள், ஏனெனில் அது ஸ்டேப்பிள் கோட்டில் (இரைப்பையை வெட்டி மூடிய தையல் வரி) கசிவாக இருக்கக்கூடும். நிற்காத வாந்தியும் அவ்வாறே. அது தொடர்ந்தால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்புகள் பாதிக்கப்படக்கூடும்.

முதல் இரண்டாண்டுகளுக்கு பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு அறுவை) குழுவின் பரிசோதனைகள் தொடரும். பி12, இரும்பு, வைட்டமின் டி பார்க்கும் அந்த நாள்களை ரோஸ்டர் போடுவதற்கு முன்பே மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள். பேங்க் ஷிப்டுகளை (வழக்கமான வேலைக்கு மேல் எடுக்கும் கூடுதல் ஷிப்டுகளை), ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நெருக்கடி இருந்தாலும், உங்கள் வழக்கமான ஷிப்டுகள் இயல்பாகும் வரை எடுக்க வேண்டாம்.