குளிர்நாட்டில் வாழை, பப்பாளி, எலுமிச்சை: கேள்வி பதில்

கே: 5 மீட்டருக்கு 4 மீட்டரில் பசுமைக்குடில் போட்டிருக்கிறோம். வீட்டில் நாலு பேர். என்னென்ன வைக்கலாம்?

ப: குட்டை கேவண்டிஷ் வாழை, பப்பாளி, ஊதா பேஷன் பழம், தொட்டியில் எலுமிச்சை. வாழைக்கு 3 மீட்டர் உயரமாவது வேண்டும். மா வேண்டாம். இடத்தை அடைக்கும், பூக்கும்போது குளிர்ந்தால் பிஞ்சும் பிடிக்காது. அன்னாசி ஒரு செடிக்கு ஒரு பழம்தான், அதற்கே இரண்டு வருடம் ஆகும். ஆசைக்கு ஒன்று வையுங்கள். வாழைக்குலை பழுக்க ஆரம்பித்தால் மொத்தமும் ஓரிரு வாரத்தில் பழுத்துவிடும். அதனால் கன்றுகளை நாலைந்து மாத இடைவெளி விட்டு நடுங்கள்.

கே: கறுப்பு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி வைத்தால் ஹீட்டரே வேண்டாம் என்கிறார்களே?

ப: கணக்குப் போட்டுப் பாருங்கள். பகல் வெயிலில் சூடான ஒரு பீப்பாய், அதாவது 200 லிட்டர் தண்ணீர், இரவில் 10 டிகிரி ஆறினால் கிடைப்பது சுமார் 2.3 யூனிட் வெப்பம். உங்கள் குடிலுக்குச் சுவரும் கூரையும் சேர்த்து 70 சதுர மீட்டர் வரும். இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் (நடுவே காற்றிடைவெளி உள்ள பிளாஸ்டிக் தகடு) என்றால் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஏறத்தாழ 3 வாட் வெளியேறும். வெளியே மைனஸ் 5, உள்ளே 15 என்றால் 4,200 வாட். ஒரு பீப்பாய் அரை மணி நேரம்தான் தாங்கும்! 14 மணி நேர இரவுக்கு 25 பீப்பாய் வேண்டும். செடியை எங்கே வைப்பது? மேகமூட்டமான நாளில் அவை சூடேறவும் செய்யாது.

முதலில் இழப்பைக் குறையுங்கள்: கதவிடுக்கை அடையுங்கள், இரவில் உள்திரை இழுங்கள், அடித்தளத்தைச் சுற்றி 60 செ.மீ. ஆழத்துக்கு 5 செ.மீ. ஃபோம் பலகை இறக்குங்கள். வாழை 14 டிகிரிக்குக் கீழே வளராது, ஆனால் செத்துவிடாது. குளிர்கால இரவில் காற்று 10 டிகிரி இருந்தால் போதும். மண்ணை வெப்பக் கம்பி வைத்து 18இல் நிறுத்துங்கள்.

கே: கெரசின் ஹீட்டர் வைக்கலாமா?

ப: புகைபோக்கி இல்லாமல் வேண்டாம். புகையிலுள்ள எத்திலீன் பூவையும் இலையையும் உதிர்க்கும். கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும்.

கே: நல்ல வெயில், தண்ணீரும் ஊற்றுகிறேன். குளிர்காலத்தில் எலுமிச்சை இலை கொட்டுகிறது.

ப: தண்ணீர்ப் பஞ்சம் இல்லை, வேர் விறைத்துவிட்டது. வெயிலில் சூடான இலை நீர் கேட்கிறது. 12, 13 டிகிரிக்குக் கீழே வேரால் கொடுக்க முடியாது. மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகும். தொட்டியைச் சிமெண்ட் தரையிலிருந்து தூக்கி ஃபோம் பலகை மேல் வையுங்கள். மேல்மண் 5 செ.மீ. காய்ந்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள்.

கே: பப்பாளி பூக்கிறது, காய்க்கவில்லை.

ப: ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள். அடி பருத்து, உள்ளே மகரந்தப்பை எதுவும் இல்லாவிட்டால் பெண் பூ. குடிலுக்குள் அதற்கு மகரந்தம் கொண்டுவர யாரும் இல்லை. ஒல்லியாக நீண்டு, சூலைச் சுற்றி மஞ்சள் பைகள் இருந்தால் இருபால் பூ, தானே காய்க்கும். நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கினால் ஆண், வெட்டிவிடலாம். இருபால் மரத்துப் பழ விதையில் மூன்றுக்கு இரண்டு இருபாலாக வரும். குழிக்கு மூன்று நட்டு, பூத்ததும் ஒன்றை விட்டு மற்றதைக் களையுங்கள். 30 செ.மீ. மேட்டில் நடுங்கள், ஓரிரு நாள் தண்ணீர் தேங்கினாலே வேர் போய்விடும்.