வங்கி இருக்கும்போது ஏன் கடை வழியாகப் பணம்?

கேள்வி: துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். என் அறையில் தங்கியிருக்கும் பிலிப்பைன்ஸ்காரர் அனுப்பும் பணத்தை அவர் மனைவி ஊரில் ஒரு அடகுக் கடையில் போய் வாங்குகிறார். என் மனைவியும் வங்கிக் கணக்கு இருந்தும் மணி டிரான்ஸ்ஃபர் கடையில்தான் வாங்குகிறாள். வங்கிதான் பாதுகாப்பு, செலவும் குறைவு என்கிறார்கள். பிறகு ஏன் எல்லாரும் கடைக்கே போகிறார்கள்? நாங்கள் ஏமாறுகிறோமா?
– வாசகர், துபாய்

பதில்: ஏமாறவில்லை. உங்கள் மனைவியும் அந்த அம்மாவும் கணக்குப் போட்டுத்தான் கடைக்குப் போகிறார்கள்.

பிலிப்பைன்ஸ் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு. வங்கிக் கிளையே இல்லாத ஊர்கள் அங்கே ஏராளம். அடகுக் கடையோ சந்தைத் தெருவிலேயே இருக்கும். பெரிய அடகுக் கடை நிறுவனங்களே அங்கே பணம் பட்டுவாடா செய்யும் மையங்களாகவும் இருக்கின்றன. தூரம் ஒரு காரணம்தான். அங்கே வங்கிகள் கேட்ட அடையாளச் சான்றுகள் பலரிடம் இருந்ததில்லை. தேசிய அடையாள அட்டைக்கான சட்டமே 2018-இல்தான் வந்தது. குறைந்தபட்ச இருப்பு வேறு வைக்க வேண்டும். பணம் வந்த அன்றே அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் எடுத்துக் கொடுக்கும் குடும்பம் எதை இருப்பாக வைக்கும்? அதே 2018-இல் அந்நாட்டு மத்திய வங்கி, குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத கணக்கை அறிமுகப்படுத்தியது. நல்ல காரியம். ஆனாலும் பழகிய கடையை யாரும் சட்டென்று விடுவதில்லை.

நம்மூருக்கு வருவோம். மாமா சவூதியிலிருந்து பணம் அனுப்பிய காலத்தில் என் அத்தை பஸ் ஏறி வங்கிக்குப் போவார். செலானை நிரப்பித் தர யாராவது வேண்டும். வரிசை நகர்ந்து கவுண்டருக்குப் போனால், "லிங்க் இல்லம்மா, நாளைக்கு வாங்க" என்பார்கள். அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. அப்புறம் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பணம் தர ஆரம்பித்தார்கள். பணம் அனுப்பியபோது கிடைத்த பத்து இலக்க எண்ணை மாமா போனில் சொல்வார். அதைச் சொன்னால்தான் பணம் தருவார்கள். அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முந்தானையில் முடிந்துகொண்டு போவார். அடையாள அட்டையை அங்கேயே நகல் எடுத்து, கையெழுத்து வாங்கி, "எண்ணிப் பாத்துக்கங்கக்கா" என்று நோட்டுகளைக் கொடுப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கும் கடை திறந்திருக்கும். அந்த மரியாதைக்காகவே அத்தை கடைசிவரை வங்கிப் பக்கம் போகவில்லை.

நீங்கள் இருக்கும் இடத்திலும் நிலைமை அப்படித்தான். அமீரகத்தில் 2009-இல் வந்த ஊதியப் பாதுகாப்பு முறைப்படி, தொழிலாளர் பலருக்குச் சம்பளமே எக்ஸ்சேஞ்ச், அதாவது பணம் மாற்றி ஊருக்கு அனுப்பும் நிறுவனத்தின் அட்டையில்தான் வருகிறது. சம்பளம் எடுக்கிற கவுண்டரிலேயே ஊருக்கும் அனுப்புவது இயல்புதானே?

சரி, செலவு. வங்கிதான் மலிவு என்று உங்களிடம் சொன்னது தவறு. அனுப்பும் வழிகளில் வங்கிக்குத்தான் செலவு மிக அதிகம் என்று உலக வங்கியின் கணக்கெடுப்புகள் பல ஆண்டுகளாகக் காட்டுகின்றன. 2030-க்குள் இந்தச் செலவை 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. வைத்த இலக்கு.

கடையில் நீங்கள் கவனிக்க வேண்டியது ரேட்டை. கட்டணம் பலகையில் தெரியும், ரேட்டில் பிடிப்பது தெரியாது. உதாரணமாக, சந்தையில் ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை 22.70 கொடுத்தால், 1,500 திர்ஹத்துக்கு 450 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். "கட்டணம் இல்லை" என்று எழுதியிருக்கும் இடத்தில் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். "எல்லாம் போக வீட்டில் எத்தனை ரூபாய் கிடைக்கும்?" என்று கேட்டு, அந்தத் தொகையை வைத்து இரண்டு மூன்று இடங்களை ஒப்பிடுங்கள்.

இந்தியாவில் இப்படிக் கடையில் வாங்குவதற்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு உண்டு: ஒருமுறைக்கு 2,500 டாலர் வரை, ஒருவருக்கு ஆண்டுக்கு 30 முறை, ரொக்கமாக 50,000 ரூபாய் வரை. பணம் அனுப்பும்போது தரும் அந்த எண்ணை மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாதீர்கள். ரேட் அதிகம் என்று யாராவது உண்டியலுக்கு, அதாவது வங்கிக் கணக்கில் வராமல் ஆள் வழியாகக் கைமாற்றும் முறைக்கு அழைத்தால் போகவே போகாதீர்கள். அது இந்தியாவில் சட்டவிரோதம், பணம் வந்து சேராவிட்டால் கேட்க நாதி இல்லை.

என் யோசனை இதுதான்: எக்ஸ்சேஞ்சிலிருந்தே அனுப்புங்கள், ஆனால் மாதச் செலவுப் பணத்தை மனைவியின் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். பல இடங்களில் அதற்கு ஆகும் செலவு ரொக்கப் பட்டுவாடாவைவிடக் குறைவு. அவசரத்துக்கு மட்டும் கடை இருக்கட்டும். வங்கிக்கு அலைவதுதான் மனைவிக்குச் சிரமம் என்றால், கணக்கில் ஆதாரை இணைக்கச் சொல்லுங்கள். தபால்காரரிடம் இப்போது கைரேகைக் கருவி இருக்கிறது. எந்த வங்கிக் கணக்காக இருந்தாலும், விரலை வைத்தால் ஒருமுறைக்கு 10,000 ரூபாய் வரை வீட்டு வாசலிலேயே எடுத்துக் கொடுப்பார்.