ஹோம்ல இருந்து வெளிய வந்த பையனுக்கு

அண்ணே, ஆதரவில்லாத குழந்தைங்க ஹோம்ல வளந்த 19 வயசுப் பையன் ஒருத்தன் ஊட்டி பஸ் ஸ்டாண்ட்ல படுத்துக் கெடக்கான், எங்க கூட்டிட்டுப் போறதுன்னு கேட்டிருந்தீங்க. டிசம்பர் உறைபனியில அங்க படுக்க விடாதீங்க, இன்னைக்கு ராத்திரிக்கு ஒரு இடமும் கம்பளியும் பாத்துக் குடுத்துட்டு அப்புறம் மத்ததப் பேசுங்க. 1098ங்கிற குழந்தைகள் உதவி நம்பர் பதினெட்டு வயசுக்குள்ள உள்ளவங்களுக்கு, ஆனா இவன் ஹோம்ல இருந்தவன்ங்கிறதால 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி ஆஃப்டர் கேர், அதாவது ஹோம விட்டு வந்தப்புறம் குடுக்கிற உதவி இருக்கு, 21 வயசு வரைக்கும் கேக்கலாம், அதுக்கு மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல போய் எழுதிக் குடுக்கணும். ஹோம்ல குடுத்த டிஸ்சார்ஜ் பேப்பர், ஆதார் கையோட இருக்கட்டும், நானும் ஹோம்ல வளந்தவன்தான், அந்தப் பேப்பரத் தொலைச்சிட்டு மூணு மாசம் அலஞ்சேன். சாப்பாடு, தங்குறது ஃப்ரீன்னு லாட்ஜ் வேலைக்கு மட்டும் அனுப்பிடாதீங்க, வேலை போனா அன்னைக்கே பாயும் போயிடும். குன்னூர் கவர்மென்ட் ஐடிஐ விசாரிங்க, மாசம் 750 ரூபா உதவித்தொகை உண்டு. ரூம் எடுத்ததும் கொஞ்ச நாள் எட்டிப் பாருங்கண்ணே. ஒருத்தனுக்கு எவ்ளோ அரிசி போடணும்னே எனக்கு அப்பத் தெரியாது, அண்டா சோத்தப் பாத்து வளந்தவன்ல.