கிற்றாருக்குக் கனத்த குரல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. எலெக்ட்ரிக் கிற்றார் மெல்லிசாக, கீச்சென்று ஒலிக்கிறது. கொஞ்சம் இளஞ்சூடாக, உருண்டு திரண்டு வர பிக்கப்பை மாற்றலாமா? மாற்றலாம். ஆனால் மாற்ற முன்னர் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன். மற்றப் பதில்களுக்கும் அதுதான் அடி.

என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் (பென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாதிரிக் கிற்றார், அண்ணா. பிரிட்ஜ் பக்க (தந்திகள் அடியில் ஊன்றும் பக்க) பிக்கப்பில் போட்டால் காதைக் குத்துகிறது. பைலாவுக்குச் சரி, மெலடிக்கு உதவவே இல்லை. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கட்டுமா? (உப்புவெளி)

தம்பி, அந்தக் காசு கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி அம்ப்புக்கு அனுப்புவது. எல்லாச் சுரங்களையும் அது ஒரே அளவாகத் தூக்குவதில்லை. ஓரிடத்தில் மேடு கட்டித் தூக்கும், அதற்கு மேலே சட்டென்று இறங்கிவிடும். அந்த மேடு பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸுக்குள் இருக்கும். மேடு உயரத்தில் இருந்தால் சத்தம் கண்ணாடி மாதிரி, கூராக வரும். கீழே இறங்கினால் தடித்து, கதகதப்பாக வரும். மேட்டின் உச்சி தட்டையானால் கூர் மழுங்கும். நாம் செய்யும் எல்லா வேலையும் இந்த மேட்டை நகர்த்துவது அல்லது தட்டுவதுதான். பிக்கப்பை மாற்றுவது அதில் ஒரு வழி மட்டுமே.

1954இல் வந்த ஸ்ட்ராட்டின் பழைய வயரிங்கில் இரண்டு டோன் குமிழ்களில் ஒன்று கழுத்துப் பக்கப் பிக்கப்புக்கு, மற்றது நடுப் பிக்கப்புக்கு. பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழே கிடையாது. மாதிரிக் கிற்றார்களில் பெரும்பாலானவை அதை அப்படியே பின்பற்றுகின்றன. பிரிட்ஜ் பக்கம் போட்டுவிட்டு டோனைத் திருகிப் பாருங்கள். ஒரு மாற்றமும் இல்லையென்றால் உங்கள் நோய் அதுதான். வெள்ளைப் பிளாஸ்ரிக் தட்டைக் கழற்றினால், பிக்கப்பைத் தெரிவு செய்யும் சுவிச்சில் நடுப் பிக்கப்பின் டோன் வயர் வந்து ஒட்டியிருக்கும் கால் தெரியும். அந்தக் காலிலிருந்து பக்கத்திலிருக்கும் பிரிட்ஜ் காலுக்கு ஒரு அங்குல வயரை ஒட்டினால் போதும், பிரிட்ஜுக்கும் டோன் கிடைத்துவிடும். குமிழை 10இலேயே வைத்திருந்தால்கூடக் கூர் கொஞ்சம் குறையும், ஏனென்றால் டோன் குமிழின் தடை இப்போது பிரிட்ஜுக்கும் சுமையாகிறது. 7இல் வைத்துப் பாருங்கள். பெட்டி மாதிரி மூடிய சுவிச் என்றால் கால்களின் வரிசை வேறு. அப்போது தடை அளக்கும் மீற்றர் வைத்துத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது உயரம். கழுத்தின் கடைசிப் பிரெட்டில் (குறுக்குக் கம்பியில்) தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடியிலிருந்து காந்தத் தலை வரை அளவுங்கள். ஸ்ட்ராட் வகைக்கு, தடித்த தந்திப் பக்கம் 2.4 மில்லிமீற்றர், மெல்லிய பக்கம் 2 மில்லிமீற்றர் என்று தொடங்கலாம். பிறகு பிரிட்ஜ் பிக்கப்பின் மெல்லிய பக்கத்தை மட்டும் அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறக்கிக் கேளுங்கள். கிட்ட இருந்தால் சத்தம் கூடும் என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் பலர். காந்தம் தந்தியைப் பிடித்திழுக்கும் அளவுக்குக் கிட்டப் போனால் சுருதியே நடுங்கும். மேல் பிரெட்களில் ஒரு சுரம் இரண்டாகக் கேட்கும்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் வாசியுங்கள். அதற்குப் பிறகும் போதாதென்றால் பிக்கப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கறுப்புப் பட்டைக் காந்தம் ஒட்டியிருந்தால் அது செராமிக். தந்திக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு தண்டுமே காந்தமாக இருந்தால் பெரும்பாலும் அல்னிக்கோ, அதாவது அலுமினியம், நிக்கல், பெரும்பாலும் கோபால்ட்டும் கலந்த உலோகம். இளஞ்சூடு வேண்டுமென்றால் அல்னிக்கோ 2 அல்லது 3 போட்ட சிங்கிள் கொயிலை (ஒற்றைச் சுருள் பிக்கப்பை) தேடுங்கள். அல்னிக்கோ 5 பலமான காந்தம். அடிச்சுரம் இறுக்கமாகவும் மேல்சுரம் பளிச்சென்றும் வரும். ஹம்பக்கர்தான் வேண்டுமென்றால் சிங்கிள் கொயில் அளவிலேயே செய்த வகை இருக்கிறது. மரத்தைக் குடைய வேண்டாம்.

இணையத்தில் விற்கும் ஒருவர் தன்னுடைய பிக்கப் 16 கிலோ ஓம், அதனால் நல்ல நிறைவான சத்தம் என்கிறார். என்னுடையது 8 தான். இரட்டிப்பு வித்தியாசமா? (கிண்ணியா)

இல்லை. அந்த எண் செப்புக் கம்பியின் தடை மட்டுமே. கம்பி மெல்லிசானால் அதே சுற்றுக்கே தடை கூடும். வழக்கமான 42ஆம் இலக்கக் கம்பி 0.063 மில்லிமீற்றர் தடிப்பு. 43, 44 அதைவிட மெல்லிசு. ஆகவே கம்பியும் காந்தமும் தெரியாமல் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. ஒரே கம்பி, ஒரே காந்தம், சுற்று மட்டும் கூட என்றால் மேடு கீழே இறங்கி நடுச்சுரம் தடிக்கும் என்பது உண்மை. ஆனால் ஆறு தந்தியையும் சேர்த்து அடிக்கும்போது எது எந்தத் தந்தி என்று பிரிந்து கேட்காது. பழைய நாதத்தை விரும்புகிறவர்கள் இன்றும் தேடுகிற ஹம்பக்கர்கள் 7.5 முதல் 8.5க்குள்தான். உங்கள் 8 குறைவான எண் அல்ல.

இன்னொன்று: செப்பின் தடை ஒரு பாகை வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.4 வீதம் கூடும். 20 பாகையில் 8.0 காட்டும் பிக்கப், எங்களூர் 32 பாகை மத்தியானத்தில் 8.4க்குக் கிட்டக் காட்டும். பெட்டியில் எழுதியதும் மீற்றர் காட்டுவதும் பொருந்தவில்லை என்று சண்டைக்குப் போக முன்னர் இதை நினைவில் வையுங்கள்.

தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். கழுத்துப் பக்கம் ஹம்பக்கர் போட்டேன். வீட்டில் அருமையாக இருக்கிறது. ஆலயத்தில் கீபோர்டும் பேஸும் சேர்ந்ததும் சேறு மாதிரி ஆகிவிடுகிறது. (பாலையூற்று வாசகி)

நீங்கள் தனியாக வாசிக்கும்போது நிறைவு தருகிற அதே அடிச்சுரம், ஆலயத்தில் பேஸ் வாசிப்பவரின் இடத்தில் போய் நிற்கிறது. கீபோர்ட் வாசிப்பவரின் இடது கையும் அங்கேதான். உயரமான கூரையின் எதிரொலி மிச்சத்தையும் குழப்பிவிடும். கனம் வேண்டியது நடுச்சுரத்தில்தான், அடியில் இல்லை.

முதலில் உள்ளே எந்தப் பெறுமதி பொட் இருக்கிறதென்று பாருங்கள். பொட் என்றால் வொல்யூம், டோன் குமிழ்களுக்குக் கீழே இருக்கும் மாறுதடை. சிங்கிள் கொயிலுக்கு வழக்கம் 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. சிங்கிள் கொயில் இருந்த கிற்றாரில் ஹம்பக்கரை மட்டும் மாற்றிப் பழைய 250ஐ விட்டுவைத்தால், ஏற்கெனவே கீழே இருக்கும் மேட்டை இன்னும் தட்டையாக்கிவிடும். உங்கள் சேற்றில் பாதி அதனாலாக இருக்கலாம். இரண்டு பொட்டையும் 500 ஆக்குங்கள். பிறகு பிக்கப்பின் தடித்த தந்திப் பக்கத்தை நன்றாக இறக்கி, மெல்லிய பக்கத்தை அப்படியே விடுங்கள். அம்ப்பில் பேஸ் குமிழைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்து மிட் (நடுச்சுர) குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மெல்லிசாகத்தான் தெரியும். பாடகர் குழுவோடு சேர்த்துக் கேட்டு முடிவெடுங்கள்.

வயர்லெஸ் வாங்கினேன். அன்றிலிருந்து கிற்றார் கரகரவென்று கூராகிவிட்டது. பிக்கப் பழுதா?

பழுதில்லை. கேபிளுக்கு ஒரு கொள்ளளவு உண்டு, மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட். ஆறு மீற்றர்க் கேபிளில் அது 600 ஆகி மேட்டைக் கீழே இழுத்து வைத்திருந்தது. வயர்லெஸில் அது இல்லை. பழைய நீளக் கேபிளைக் குத்திப் பாருங்கள், பழைய சத்தம் திரும்பி வரும். வயர்லெஸ்தான் வேண்டுமென்றால் டோன் குமிழை 7, 8இல் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு கடற்கரையோடு. இரண்டு கிழமையில் தந்தி கறள் பிடிக்கிறது. பிக்கப்பும் கெட்டுப்போகுமா? (டச்பே)

போகும், கொஞ்சம் கொஞ்சமாக. கச்சான் காலத்துக் காய்ந்த காற்றைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். வாடை கடலிலிருந்து அள்ளிக்கொண்டு வருகிற உப்பு ஈரம்தான் எதிரி. போன வாடைக்குப் பிறகு என் மேசைக்கு வந்த ஒரு கிற்றாரைச் சொல்கிறேன். தட்டைத் தூக்கினால் காந்தத் தலைகளைச் சுற்றிக் கறள், ஜாக்கின் உட்பக்கம் பச்சைக் களிம்பு, ஸ்க்ரூக்களின் கழுத்தில் வெள்ளை உப்பு. நடுப் பிக்கப் வேலை செய்தது, ஆனால் எங்கோ தூரத்து வானொலி மாதிரி மெல்லிசாக. மீற்றரில் வைத்தால் இணைப்பே இல்லை. தலைமயிருக்குச் சமமான அந்தக் கம்பியை உப்பு எங்கோ ஓரிடத்தில் அறுத்திருந்தது. அறுந்த சுருளிலும் ஒரு மெல்லிய சத்தம் கசிந்து வரும். அதனால்தான் பலர் அதை 'டோன் கெட்டுவிட்டது' என்று நினைக்கிறார்கள். திடீரென்று மெல்லிசான பிக்கப்பை முதலில் மீற்றரில் பாருங்கள். தடை காட்டவில்லையென்றால் திரும்பச் சுற்றுவிக்க வேண்டும், அல்லது புதிது.

வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் தந்தியையும் பிக்கப் தலையையும் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வையுங்கள். கறளுக்கு அடிக்கும் ஸ்பிறேயைப் பிக்கப்புக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், அது உள்ளே இருக்கும் மெழுகை இளக்கும். பூச்சுப் பூசிய தந்தி விலை கூட. ஆனால் டச்பேயில் இருப்பவருக்கு அது கட்டுப்படியாகும். கறள் தந்தியின் மங்கிய சத்தத்தை 'வார்ம்' என்று எடுத்துக்கொண்டு பிக்கப் தெரிவு செய்யாதீர்கள். புதுத் தந்தி போட்ட அன்று எல்லாம் மாறிவிடும்.

திருவிழா மேடையில் ஒரே இரைச்சல். ஹம்பக்கர் போட்டால் நிற்குமா?

பெரும்பகுதி நிற்கும். அது பிறந்ததே அதற்காகத்தான். கிப்சனில் வேலை செய்த செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957இல் கிற்றார்களில் ஏறியது. இரண்டு சுருள், எதிரெதிராகச் சுற்றியவை, காந்த முனைகளும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் இரண்டிலும் எதிராக விழுந்து அழிந்துபோகும், தந்தியின் சத்தம் மட்டும் கூடும். தந்தியை இரண்டு இடத்தில் கேட்பதால் மிக மேல்சுரங்கள் ஒன்றையொன்று தின்னும். அந்தத் தடித்த குரலுக்கு அதுவும் ஒரு காரணம். ஸ்ட்ராட்காரர்கள் சுவிச்சை 2இலோ 4இலோ வைத்துப் பாருங்கள். நடுப் பிக்கப் எதிராகச் சுற்றியதாக இருந்தால் அங்கேயும் இரைச்சல் விழும்.

ஆனால் இரைச்சலைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜெனரேற்றர் மேடையில் கிற்றார் தந்தியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டபோது எனக்கு ஒரு முறை அடித்தது. அன்று எர்த் வயர் போட்டிருக்கவில்லை. 230 வோல்ட் விளையாட்டில்லை. வாசிக்க முன்னர் எர்த் போட்டிருக்கிறதா, ட்ரிப் சுவிச் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பிள்ளைகளே.

பற்றரி போடும் பிக்கப் நல்லதா?

சத்தம் சுத்தம், நீளக் கேபிளுக்கும் அசையாது. ஈஎம்ஜி தயாரிப்பில் 81 என்ற பிக்கப் செராமிக், 85 அல்னிக்கோ. கனம் வேண்டுமென்றால் கழுத்துப் பக்கம் 85. பொட் 25 கிலோ ஓம் ஆக வேண்டும், 9 வோல்ட் பற்றரிக்கு இடமும் வேண்டும். ஜாக்கைக் குத்தியபடி விட்டால் பற்றரி இறங்கிக்கொண்டே இருக்கும்.

புது ஹம்பக்கரில் நாலு நிற வயர் வந்திருக்கிறது. எதை எங்கே ஒட்டுவது? எனக்கு ஈயம் ஒட்டியும் பழக்கமில்லை. (ஓர்ஸ் ஹில்)

நிறத்துக்குப் பொது விதி இல்லை. சீமோர் டங்கன் என்றால் கறுப்பு சூட்டு வயர் (சத்தத்தைக் கொண்டுபோகும் வயர்), வெள்ளையும் சிவப்பும் தங்களுக்குள் சேரும், பச்சையும் வெறுங்கம்பியும் எர்த். டிமார்சியோவில் சிவப்பு சூட்டு வயர், கறுப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேரும், பச்சையும் வெறுங்கம்பியும் எர்த். வேறு தயாரிப்பென்றால் பெட்டியில் வந்த தாளைப் பாருங்கள். மாற்றி ஒட்டினால் இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போடும்போது அடிச்சுரம் காணாமல் போய் மூக்கடைத்த மாதிரிக் கேட்கும். அப்படிக் கேட்டால் பயப்படாதீர்கள், ஒரு பிக்கப்பின் சூட்டு வயரையும் பச்சையையும் மட்டும் இடம் மாற்றுங்கள். வெறுங்கம்பி எர்த்திலேயே இருக்கட்டும்.

கழற்ற முன்னர் பழைய வயரிங்கைத் தொலைபேசியில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். 40 வாற் ஈயம் ஒட்டும் கோல், உள்ளே ரெசின் உள்ள 60/40 ஈயம். தகரம் ஒட்டும் அமிலப் பசை வேண்டாம், எங்களூர் ஈரத்தில் அது வயரையே தின்றுவிடும். முதலில் பழைய பொட் ஒன்றில் பத்துத் தரம் பழகுங்கள். பொட்டின் முதுகை அரத்தால் இலேசாகச் சுரண்டி, கோலை அங்கே வைத்து மூன்று எண்ணி, ஈயத்தைக் கோலில் அல்ல, உலோகத்தில் தொடுங்கள். பளபளவென்று பரந்து ஓடினால் பிடித்திருக்கிறது. மங்கி உருண்டை கட்டினால் பிடிக்கவில்லை, திரும்பச் சூடாக்குங்கள். மேசைக்கு மேலே சுற்றும் மின்விசிறியை அந்த நேரம் நிறுத்திவிடுங்கள். காற்றுப் பட்டு ஈயம் சரியாக ஓட முன்னரே இறுகிவிடும். வேலை முடிந்ததும் யன்னலைத் திறந்து புகையை வெளியே விட்டுவிட்டுப் பிறகு தந்தியைப் போடுங்கள்.